இஞ்ச்டேப் கட்டிய காட்டுச் சைக்கிள்

மைசூரில் தன் உடம்புக்கென்று தனியாக வாகனம் செய்துகொண்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் மகாராஜா. இன்னொருவர் எங்கள் ஆபீஸ் இஞ்ச்டேப். மகாராஜாவின் அம்பாரிக்குக் கீழே ஒரு யானை இருந்தது, அது நடந்தது. இஞ்ச்டேப்பின் வாகனத்துக்கு அந்த வசதி கிடையாது.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளம் வாங்கும் நாளில் மட்டும் அது உபயோகத்துக்கு வரும். மற்ற நாட்களில் பியூன் முதல் எஞ்சினியர் வரை எல்லாருக்கும் அவர் இஞ்ச்டேப்தான். சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைத்திருப்பார்கள். அவர் தையற்காரர் வைத்திருக்கும் மஞ்சள் டேப்பைச் சுருட்டி வைத்திருப்பார். யாரைப் பார்த்தாலும் முகத்தைப் பார்க்கமாட்டார், காலைப் பார்ப்பார்.

ரோடு போடும் சர்க்கார் ஆபீஸ் அது. மாநிலத்துக்குக் கர்நாடகம் என்று புதுப் பெயர் வைத்து, வாசல் போர்டில் பழைய பெயரை அழித்து எழுதிய பெயின்ட் இன்னும் வாசனை போகாத சமயம். இஞ்ச்டேப் அங்கே பிளான் வரையும் டிராஃப்ட்ஸ்மன். நான் பக்கத்து மேஜையில் கிளார்க். என் அப்பா ரயில்வேயில் கார்டாக இருந்தார், நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் ரயில்வே குவார்ட்டர்ஸில். அதைத் தெரிந்துகொண்ட நிமிஷத்திலிருந்து இஞ்ச்டேப்புக்கு என் பெயர் ‘ரயில்வே’ ஆகிவிட்டது. ஆபீஸில் நான் சேர்ந்த முதல் நாள் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை இது:

“ஏனுங்க ரயில்வே, சித்தெ எந்திரிச்சு நில்லுங்க. காலை அகட்டுங்க.”

நான் பயந்துபோய் எழுந்து நின்றேன். தொடையிலிருந்து குதிகால் வரை டேப்பை வைத்து அளந்தார். “உங்களுக்கு ஒடம்பு குட்டை, காலு நெட்டைங்க. கடையில விக்கற சைக்கிள் உங்களுக்கு ஆகவே ஆகாது” என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். என்னிடம் சைக்கிளே கிடையாது.

அவர் ராமாபுரம் பக்கத்து ஆள். ஆனால் கதை அவர் ஊரில் இல்லை, அவர் மாமனார் ஊரில் இருக்கிறது. மார்டள்ளியில் பஸ் நின்றுவிடும். அதற்கு அப்பால் காட்டுக்குள் ஒரு தடம் போகும். கல்லும் முள்ளும் ஓடையுமாகப் பாலாற்றுப் பக்கம் இறங்கும் அந்தத் தடத்தின் கோடியில் நாலைந்து ராகிக் காடுகள், ஒரு கிணறு, ஓர் ஓட்டு வீடு. அதுதான் மாமனார் வீடு. இஞ்ச்டேப்பின் மனைவி ராசாத்தி அங்கேதான் இருந்தாள். மாமியார் காலமாகிவிட்டார், ராசாத்தி ஒரே மகள். ஆடு மாடு, கிணறு, அப்பா இத்தனையையும் விட்டுவிட்டு அவளால் மைசூர் வரமுடியாது. டிராயிங் போர்டை விட்டுவிட்டு இவரால் அங்கே போகமுடியாது. இரண்டு பேரும் கல்யாணம் ஆன நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமையை நம்பியே குடும்பம் நடத்தினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் சரியாக வாய்க்கவில்லை. சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ் முடிந்து பஸ் பிடித்து, கொள்ளேகாலத்தில் மாறி, ராமாபுரத்தில் மாறி, மார்டள்ளி போய்ச் சேரும்போது பொழுது சாயத் தொடங்கிவிடும். நடந்து போனால் பாதித் தடத்தில் இருட்டிவிடும். அது யானை நடமாடும் தடம். ஆகவே இஞ்ச்டேப் மார்டள்ளி டீக்கடை பெஞ்சில் படுத்துவிட்டு, விடிந்ததும் நடந்து போய், ராசாத்தி கையால் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு, கை காய்வதற்குள் திரும்பி நடந்தாகவேண்டும். “நானு ஊட்டுக்காரனா, ஓட்டல் கிராக்கியான்னு எனக்கே தெரியலீங்க ரயில்வே” என்பார்.

இதற்கு அவர் கண்டுபிடித்த மருந்துதான் சைக்கிள். சனிக்கிழமை சாயங்காலம் மார்டள்ளியில் இறங்கி, இருட்டுவதற்குள் அந்தத் தடத்தைத் தாண்டிவிடும் சைக்கிள். ஒரு ராத்திரியும் ஒரு பகலும் மனைவியோடு இருக்க வழி செய்யும் சைக்கிள். அதைக் கடையில் வாங்கமுடியாது என்பது அவர் கட்சி. கடைச் சைக்கிள் ரோட்டுக்குச் செய்தது, அதுவும் யாரோ ஓர் ஆளின் காலுக்குச் செய்தது. தடத்துக்கு வேறு சைக்கிள் வேண்டும், தன் காலுக்கு வேறு சைக்கிள் வேண்டும். எனவே தானே வடிவமைக்கப்போவதாக அறிவித்தார். ஆபீஸில் யாரும் சிரிக்கவில்லை. இவர் ரொம்ப நாளாக இப்படித்தான் என்று எல்லாருக்கும் தெரியும்.

முதலில் தடத்தை வரைந்தார். ரோடு எஸ்டிமேட்டுக்கு எப்படி மேடு பள்ளம் காட்டி வரைவோமோ அப்படி, டிரேஸிங் தாளை ஒட்டி ஒட்டி நீளமாக வரைந்து, சாமுண்டிபுரத்தில் தன் ரூமின் நாலு சுவரையும் சுற்றி ஒட்டிவிட்டார். கதவு வந்த இடத்தில் கதவின் மேலும் ஒட்டியதால், கதவைத் திறந்தால் தடத்தில் ஓர் ஓடை காணாமல் போகும். முக்கியமான கல்லுக்கெல்லாம் பெயர் வைத்திருந்தார். நட்ட நடுவில் உட்கார்ந்துகொண்டு யார் வந்தாலும் நகராத பெரிய பாறைக்குப் பெயர் தாசில்தார். புதருக்குள் ஒளிந்திருந்து திடீரென்று காலை வாரும் சின்னக் கல் டெபுடி தாசில்தார்.

அடுத்தது சீட். கல்லில் ஏறி இறங்கும்போது வலிக்காத சீட் வேண்டுமென்றால் உட்காரும் இடத்து எலும்பின் அகலம் தெரியவேண்டுமாம். டேப்பை வைத்து அளக்கமுடியாத இடம் அது என்பதால் ஒரு பலகையில் ராகி மாவைப் பரப்பி அதில் உட்கார்ந்து எழுந்தார். தன் ஒருவர் அளவை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்று, மத்தியானச் சாப்பாட்டு வேளையில் எங்கள் செக்ஷனையே வரிசையாக உட்காரவைத்தார். ஹெட்கிளார்க் எட்டு முழ வெள்ளை வேஷ்டிக்காரர், அவரும் உட்கார்ந்து எழுந்தார். உடனே பெல் அடித்து எஞ்சினியர் அவரைக் கூப்பிட்டார். ஃபைலைக் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்து வந்தவரின் பின்புறத்தில் இரண்டு வட்டங்கள் இருந்ததை எஞ்சினியர் பார்த்தார். அன்று சாயங்காலமே ஆபீஸில் ராகி மாவு கொண்டுவரக் கூடாது என்று உத்தரவு வந்தது. இந்தியாவில் எந்தச் சர்க்கார் ஆபீஸிலும் அப்படி ஓர் உத்தரவு போட்டிருக்கமாட்டார்கள்.

சைக்கிளைச் செய்யும் பொறுப்பு நஞ்சப்பாவின் தலையில் விழுந்தது. அக்ரஹாரத்துப் பக்கம் சைக்கிள் ஷாப் வைத்திருந்த கன்னடக்காரர், தமிழும் பேசுவார். பழைய ஃபிரேமை அறுத்து, ஒட்டி, மறுபடி அறுத்து, அவர் கடைக்குப் போனாலே பற்றவைக்கும் வாசனை வந்தது. மேல் பாரைத் தாழ்த்தவேண்டும், ஏனென்றால் காட்டில் ஏறுவதைவிட இறங்குவதுதான் அதிகம். முன் ஃபோர்க்கில் சோபா ஸ்பிரிங். யானைக்கென்று கோயில் மணி அளவில் ஒரு பெல். பாலாற்றுச் செக்போஸ்ட் ஃபாரஸ்ட் கார்டு, “யானை எதுக்க வந்தா பெல் அடிக்க உங்களுக்குக் கை வராது சார்” என்று சொல்லியும் இஞ்ச்டேப் கேட்கவில்லை. இதெல்லாம் போகட்டும். ஃபிரேமின் முக்கோணத்துக்குள் இலவம்பஞ்சு அடைத்து ஒரு மெத்தை தைக்கச் சொன்னார்.

“இது எதுக்கு ஸ்வாமி?” என்று கேட்டார் நஞ்சப்பா.

“ஓட்ட முடியாத எடத்துல சைக்கிளைத் தோள்ல போட்டுக்கோணுமுங்க. தோள்பட்டை வலிக்காம இருக்க.”

நஞ்சப்பா என்னைப் பார்த்தார். “நோடி சார், முப்பது வருஷமா கடை வெச்சிருக்கேன். மனுஷன் சைக்கிள் மேலே கூத்துக்கறதுக்கு, உக்கார்றதுக்கு, சீட் போட்டிருக்கேன். சைக்கிள் மனுஷன் மேலே கூத்துக்கறதுக்கு இதே ஃபஸ்ட்டு!”

பெடல் பக்கம் சின்னப் பல்சக்கரம், பின்னால் பெரிய பல்சக்கரம் வைத்துச் செயின் மாட்டினார்கள். மேடு ஏற அதுதான் சரியாம். சரியாகத்தான் இருந்தது. சாமுண்டி மலையடிவாரத்து மேட்டில் சோதனை பார்த்தபோது மூச்சு வாங்காமல் ஏறிவிட்டார். ஆனால் மேடு முடிந்து சமதரைக்கு வந்ததும் கால் தையல் மெஷின் மாதிரி சுற்றுகிறது, சைக்கிள் மட்டும் நகர்வேனா என்கிறது. மாங்காய் விற்கும் தள்ளுவண்டிக்காரர் ஒருவர் அவரைத் தாண்டிப் போனார். போகும்போது, “பஞ்ச்சரா ஸ்வாமி?” என்று பரிவோடு விசாரித்தார்.

“என்ன சார் இது, பேஜாரு! ஆள் நடக்கற ஸ்பீடுகூட ஆகல்லியே?” என்றேன் நான்.

“தடத்துல சமதரையே இல்லீங்க ரயில்வே” என்றார் இஞ்ச்டேப் வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

இப்படி வரைவதும் அழிப்பதும் அறுப்பதும் ஒட்டுவதுமாக வருஷங்கள் ஓடின. ஒருநாள் மாமனாரே மைசூருக்கு வந்துவிட்டார். தோளில் ஒரு ராகி மூட்டை, கையில் ஒரு தடி. ரூமுக்குள் நுழைந்தவர் சுவரைச் சுற்றி ஓடிய தடத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நின்று நிதானமாகப் பார்த்தார். கடைசியில் தன் வீட்டின் படத்துக்கு முன்னால் வந்து நின்றார்.

“ஏனுங் மாப்பளெ, படத்துல ஓட்டுனா ஊரு வந்து சேந்துருமுங்களா?”

நானும் அங்கே இருந்தேன். எழுந்து போகலாமா, உட்கார்ந்திருக்கலாமா என்று தெரியாமல் பாதி எழுந்த நிலையில் இருந்தேன்.

“போன வருசம் ஆயுத பூசைக்கு வரீன்னு சொன்னீங்க. ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் வந்து உக்காந்திருக்குது, மாப்பளெயக் காணம். பூசை முடிஞ்சு மக்யா நாளு மத்தியானம் வந்து நிக்கறீங்க. எம் புள்ள அன்னைக்கு ஆரு மூஞ்சியவும் பாக்கல. நானு கோவக்காரன் இல்லீங்க. ஒண்ணே ஒண்ணு சொல்றன். இந்த வருசம் ஆயுத பூசையன்னைக்கு அவ வெளக்கு வெக்கறதுக்குள்ள நீங்க ஊட்டுல இருக்கோணும். இருந்துட்டீங்கன்னா நானு உங்க வேலையப் பத்தி ஒரு பேச்சுப் பேசமாட்டன். இல்லீன்னா, இந்த உத்தியோகத்தை உட்டுப்போட்டு எங்கூட வந்து ஆடு மேயுங்க. ஊட்டோட மாப்பளெயா இருந்துக்கலாம்.”

சொல்லிவிட்டு ராகி மூட்டையை மூலையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். இஞ்ச்டேப்புக்குக் காபி வாங்கிக்கொண்டு வந்தேன், அவர் குடிக்கவில்லை. தன் டி-ஸ்குயர் கட்டையைத் தடவிக்கொண்டே இருந்தார். அவருக்கு அந்த வேலை எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். கோடு போடும்போது மனிதர் மூச்சுவிடமாட்டார். ராசாத்தியை எவ்வளவு பிடிக்கும் என்பதும் தெரியும், அதைத்தான் நாலு சுவரிலும் ஒட்டி வைத்திருந்தாரே.

அதிலிருந்து நஞ்சப்பாவுக்குத் தூக்கம் போயிற்று. எப்படியோ ஆயுத பூஜைக்கு முதல் நாள் ராத்திரி சைக்கிள் முடிந்துவிட்டது. ஹேண்டிலைக் கையால் மாட்டி வைத்துவிட்டு, “பெளிக்கே வாங்க ஸ்வாமி, காலையிலே ஒரு முறுக்கு முறுக்கிக் கொடுத்துடறேன்” என்று அனுப்பிவிட்டார். என்னையும் சாட்சிக்கு வரச்சொன்னார் இஞ்ச்டேப். பியூனிடம் அவனுடைய சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். சாதாரண கறுப்புச் சைக்கிள், பால் கேன் மாட்டும் கொக்கியோடு இருந்தது.

காலையில் கடைக்குப் போனால், கடை ஜெகஜ்ஜோதியாக இருக்கிறது. வாசலில் வாழைக்கன்று, மாவிலை. உள்ளே சாமி படத்துக்கு முன்னால் ஸ்பானர், ஸ்குரூ டிரைவர், சுத்தி, பஞ்ச்சர் டப்பா என்று சகலமும் வரிசையாகக் குங்குமமும் செவ்வந்திப் பூவும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. ராகுகாலத்துக்கு முன்னால் முடித்துவிடவேண்டும் என்று நஞ்சப்பாவின் மனைவி விடியற்காலையிலேயே பூஜையை முடித்துவிட்டாராம்.

“நஞ்சப்பா, ஹேண்டில் டைட் பண்ணணுமே?” என்றேன்.

நஞ்சப்பா நாக்கைக் கடித்துக்கொண்டார். “அய்யோ ராமா! மரெத்துட்டேன் சார்.”

“அந்த ஸ்பானரை எடுத்து ஒரு முறுக்கு…”

“தேவர முன்னாலே இருக்கறதை முட்டக்கூடாது, தொடக்கூடாது சார்! நாளைக்கு மறுபூஜை ஆகணும், அப்புறம்தான் எடுக்கணும்.” சொல்லிவிட்டு, உள்ளங்கை சிவக்கக் கையாலேயே போல்ட்டை முறுக்கினார். “தாங்கும் ஸ்வாமி. ஊர்வரைக்கும் தாங்கும்.” பிறகு சைக்கிளுக்கும் மாலை போட்டு, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்து வழியனுப்பினார்.

வேறு கடையில் ஒரு ஸ்பானர் கிடைக்காதா என்றுதான் நானும் நினைத்தேன். மைசூரில் கிடைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால் பஸ்ஸுக்கே பூஜை நடக்கிறது. அது முடிந்து, எலுமிச்சம்பழம் நசுங்கி, கற்பூரம் அணைந்து, எல்லாருக்கும் கடலைப்பொரி கொடுத்து, எங்கள் சைக்கிள் இரண்டையும் கூரையில் ஏற்றி, வண்டி கிளம்புவதற்குள் வெயில் ஏறிவிட்டது. கொள்ளேகாலத்தில் இறங்கி ஓடினேன். மூன்று சைக்கிள் கடை, மூன்றிலும் ஸ்பானர்கள் பூச்சூடிக்கொண்டு இருந்தன. ராமாபுரத்தில் ஒரு கடைக்காரர் எங்கள் கஷ்டத்தைக் கேட்டுக் கண்கலங்கினார், ஆனால் ஸ்பானரைத் தொடவில்லை. ஒரு பிடி பொரி கொடுத்தார். கடைசிப் பஸ்ஸின் டிரைவரைக் கேட்டேன்.

“டூல் பாக்ஸுக்குப் பூஜை ஆயிட்டுது தம்பி.”

“வண்டிக்கும்தான் பூஜை ஆச்சு, அதை ஓட்டறீங்களே?”

“வண்டி பிரயாணிகளுக்காக ஓடுது. ஸ்பானர் எதுக்கு ஓடணும்?” என்றார் டிரைவர். அந்தத் தாலூகாவில் அன்று மனிதர்கள் எல்லாரும் வேலை செய்துகொண்டிருந்தார்கள், ஸ்பானர்களுக்கு மட்டும்தான் லீவு.

ஊர் ஊராகப் பூஜைக்கு நின்று, மார்டள்ளியில் பஸ் எங்களை இறக்கிவிட்டபோது வெயில் மஞ்சளாகிவிட்டது. இரண்டு பையிலும் பொரி. இஞ்ச்டேப் சைக்கிள் மாலையைக் கழற்றி பெல்லுக்குச் சுற்றினார். “போலாமுங்க ரயில்வே” என்று ஏறி உட்கார்ந்தார்.

உண்மையைச் சொல்லவேண்டும். முதல் கால்மணி நேரம் அந்தச் சைக்கிள் போன அழகை நான் மறக்கமாட்டேன். கல்லைக் கண்டால் ஸ்பிரிங் அமுங்கி எழுந்தது. மேட்டில் எனக்கு நாக்கு வெளியே தள்ளியது, அவர் உட்கார்ந்தபடி ஏறிப் போனார். டெபுடி தாசில்தாரைச் சுலபமாகத் தாண்டினார். திரும்பிப் பார்த்து, “எப்படீங்க?” என்று கேட்டார். அப்படி ஒரு சிரிப்பை ஆபீஸில் நான் பார்த்ததே இல்லை.

தாசில்தாரிடம்தான் வினை வந்தது. பாறையைச் சுற்றி இடது பக்கம் ஹேண்டிலைத் திருப்பினார். ஹேண்டில் திரும்பியது, சக்கரம் திரும்பவில்லை. நேராகப் போய்த் தாசில்தாரைப் பார்த்துவிட்டு உண்ணிப்பூப் புதருக்குள் விழுந்தார். எடுத்து நிமிர்த்தினால், ஹேண்டில் மேற்கே பார்க்கிறது, சக்கரம் வடக்கே பார்க்கிறது. கையால் முறுக்கினோம், பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினோம். ஏறினார், விழுந்தார். மறுபடி ஏறினார், மறுபடி விழுந்தார். அந்த நேரம் பார்த்து எதிரே ஒருவர் சாதாரணச் சைக்கிளில், கேரியரில் ஒரு மூட்டை, மூட்டைமேல் ஓர் ஆட்டுக்குட்டியோடு வெகு நிதானமாக வந்தார். “உழுந்துட்டீங்களா?” என்று கேட்டார். ஸ்பானர் இருக்கிறதா என்று கேட்டேன். “பூசையில வெச்சிருக்குதுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மரத்தின் உச்சியில் மட்டும் வெளிச்சம் பாக்கி இருந்தது. நான் பியூன் சைக்கிளை அவர்முன் நிறுத்தினேன்.

“சார், இதை எடுத்துக்கிட்டு ஓடுங்க. இது அளவா இல்லையான்னெல்லாம் பாக்காதீங்க. வேகமா மிதிச்சா இன்னும் டைம் இருக்கு. நான் உங்க சைக்கிளைத் தள்ளிக்கிட்டு மெல்ல வர்றேன்.”

அவர் அந்தச் சைக்கிளைப் பார்த்தார். தடத்தைப் பார்த்தார். கையைக்கூட நீட்டினார். அப்புறம் என்னைப் பார்த்தார். வழக்கம்போல காலை அல்ல, முகத்தை.

“உங்களுக்குத் தடம் தெரியாதுங்க ரயில்வே. பொழுது உழுந்தா ஆனை எறங்கற எடம் இது. உங்கள இங்க தனியா உட்டுப்போட்டு, நானு போயி வெளக்குக்கு முன்னால நிக்கறதுங்களா?”

“உங்க வேலை போயிடும் சார்!”

“ஆடு மேய்க்கறவனும் மனுசந்தானுங்களே” என்றார். தன் சைக்கிளைத் தூக்கினார். முக்கோணத்துக்குள் தோளைக் கொடுத்தார். இலவம்பஞ்சு மெத்தை கச்சிதமாகத் தோள்மேல் உட்கார்ந்தது. “பாத்தீங்களா, வலிக்கவே இல்ல” என்று சொல்லிவிட்டு ஓட ஆரம்பித்தார். நான் பியூன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் ஓடினேன். அவர் என்னவோ சைக்கிளின் அந்த ஒரு பாகமாவது டிராயிங்கில் இருந்தபடியே வேலை செய்கிறதே என்ற திருப்தியில் இருந்தார்.

நாங்கள் ஓடினோம், ஓடையில் இறங்கினோம், மறுபடி ஏறினோம். வெளிச்சம் மரத்தின் உச்சியையும் விட்டுப் போயிற்று. எதிரே நிற்பது செடியா மாடா என்று தெரியாத அளவுக்கு இருட்டியதும், ஓடுவதை நிறுத்திவிட்டு நடந்தார். “ஆச்சுங்க ரயில்வே. இந்நேரம் வெச்சிருப்பா” என்றார். காட்டில் எங்கள் செருப்புச் சத்தமும் அவர் தோளில் அந்தப் பெரிய பெல் லேசாக இடித்துக்கொள்ளும் சத்தமும்தான்.

ராகிக் காடு வந்தது. கிணறு வந்தது. வீடு எங்கே என்று தேடினேன். வீடு இருந்தது, ஆனால் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. தாழ்வாரத்தில் உறவுக்காரர்கள் கறுப்புக் கறுப்பாக உட்கார்ந்திருந்தார்கள். உள்ளேயிருந்து மாமனாரின் குரல் கேட்டது.

“ஏம்புள்ள, நல்ல நாளும் அதுவுமா ஊட்டை இருட்டாப் போட்டு வெச்சிருக்கறயே! சாமிக்கு முன்னால இன்னுமா வெளக்கு வெக்கல?”

“திரி சரியா ஊறலீங்கப்பா.”

“அதைத்தான் அப்பப் புடிச்சுச் சொல்லிக்கிட்டிருக்கற. வேற திரி போடு!”

“போட்டனுங்கப்பா. தீப்பெட்டி நமுத்துப்போச்சுங்க. பத்தவே மாட்டீங்குது.”

இஞ்ச்டேப் அப்படியே நின்றுவிட்டார். நான்தான் எட்டி அந்த யானை பெல்லை அடித்தேன். பாலாற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் யானைக்கும் கேட்டிருக்கும். உடனே உள்ளே ‘சரக்’கென்று ஒரே உரசல். நமுத்துப்போன தீக்குச்சி ஒரே தடவையில் பற்றிக்கொண்டது. குத்துவிளக்கின் ஒவ்வொரு முகமாக வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தில்தான் ராசாத்தியை நான் முதன்முதலாகப் பார்த்தேன். வாசலைப் பார்க்காமல் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கின் காலடியில் அரிவாள், கொடுவாள், களைக்கொத்து எல்லாம் பூ வைத்துக்கொண்டு வரிசையாக இருந்தன. நடுவில் கிணற்று ஆயில் எஞ்சினின் ஸ்பானர் ஒன்றும் இருந்தது.

மாமனார் வாசலுக்கு வந்தார். சைக்கிளைச் சுமந்து நின்ற மாப்பிள்ளையைப் பார்த்தார். உள்ளே திரும்பி மகளைப் பார்த்தார். தீப்பெட்டியையும் பார்த்தார். அவருக்குப் புரியாமல் இல்லை.

“வெளக்கு வெக்கறதுக்குள்ள வந்துட்டாருங்க” என்று உறவுக்காரர்களைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். “நானு சொன்னாச் சொன்னதுதானுங்க. உள்ள வாங்க மாப்பளெ. ஏனுங், சைக்கிளை எறக்கி வெச்சுப்போட்டு வாங்க.”

மறுநாள் மறுபூஜை ஆனதும் மாமனாரே அந்த ஸ்பானரை எடுத்து ஹேண்டிலை முறுக்கிக் கொடுத்தார். அவர் முறுக்கிய முறுக்கில் அந்த போல்ட் பிற்பாடு எந்த மெக்கானிக்குக்கும் அசையவில்லை என்பார் நஞ்சப்பா. சனிக்கிழமைதோறும் பஸ் கூரையில் அந்தச் சைக்கிள் மார்டள்ளி போயிற்று. ஆபீஸ் ரோட்டில் தள்ளுவண்டிகள் அதைத் தாண்டிப்போவதும் நிற்கவில்லை. சில வருஷம் கழித்து கொள்ளேகாலத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு இஞ்ச்டேப் போய்விட்டார். போகும்போது தன் மஞ்சள் டேப்பை என் மேஜையில் வைத்துவிட்டு, “ஒரு சைக்கிள் செஞ்சுக்குங்க ரயில்வே, உங்க காலுக்கு” என்றார். நான் செய்துகொள்ளவில்லை.

எனக்குக் கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து, அவர்களும் வேலைக்குப் போகிறார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வரவேண்டியவர்கள் யாராவது இன்னும் வராமல் இருந்தால், விளக்கேற்றப் போகும் என் மனைவியிடம், திரி சரியாக ஊறட்டும், கொஞ்சம் பொறு என்று சொல்லிவிட்டு வாசலுக்கு வந்து நிற்கிறேன்.